செங்கலடியிலிருந்து ஏறும் வீதி

பேராதனையில் புறப்படும் ஏ5 வீதி மட்டக்களப்பு வாவிக்கு வடக்கே செங்கலடிச் சந்தியில் வந்து முடிகிறது. வாவிக்கரை ஆட்களுக்கு அதுதான் தொடங்கும் இடம். கரடியனாறு, மகா ஓயா, பிபிலை, லுணுகலை, பதுளை, வெலிமடை என்று ஏறிக்கொண்டே போனால் நுவரெலியா வந்துவிடும். வயலும் தென்னையுமாகக் கடல் மட்டத்தில் கிடந்த நிலம் அங்கே 1,868 மீற்றர் உயரத்துக்கு எழுந்து நிற்கும். அந்த நகரில்தான் மகாகஸ்தோட்டை மலையேற்றப் பந்தயம் நடக்கிறது. 1934இல் தொடங்கிய இந்தப் பந்தயம், உலகில் இன்னும் உயிரோடிருக்கும் பழைய மலையேற்றப் பந்தயங்களில் ஒன்று. ஒவ்வொரு காராகத் தனியே விட்டு, அடியிலிருந்து உச்சிக்கு எத்தனை செக்கனில் போகிறது என்று அளப்பார்கள்.

மட்டக்களப்பில் பந்தயத் திடல் கிடையாது. பழைய கார்கள் இருக்கின்றன, கராஜ்கள் இருக்கின்றன, கடைச்சல் பட்டறைகள் இருக்கின்றன. ஆகவே இந்த அத்தியாயத்துக்கு ஒரு கற்பனைக் காரை எடுத்துக்கொள்வோம்: செங்கலடியில் ஒரு கொட்டிலுக்குள் நிற்கும் 1960களின் ஒஸ்ரின் மினி. அதை மகாகஸ்தோட்டையில் ஓடும் பந்தயக் காராக்க வேண்டும். கார் கற்பனை என்றாலும் வேலை கற்பனை இல்லை. இலங்கையில் ‘மினி 7’ என்று மினிகளுக்கென்றே தனிப் பிரிவு வைத்துப் பந்தயம் விடுகிறார்கள். பாட்டன் காலத்துக் காரை அறுத்து ஒட்டிப் பந்தயத்துக்குக் கொண்டுவரும் கராஜ்கள் இந்த நாட்டில் குறைவில்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தி 2025இல்தான் மீளத் திறந்தார்கள். 1960களிலும் 70களிலும் இப்படியொரு இறுக்கமான காலம் இருந்தது. புதுக் கார் வராத நாட்டில் பழைய காரைப் பிரித்துப் பூட்டத் தெரிந்த கைகள் தாமாகவே உருவாகும். மொறிஸ் மைனருக்கு வேண்டிய தகட்டு உறுப்புகளை 1990களில் இலங்கையில் செய்து இங்கிலாந்துக்கே அனுப்பினார்கள் என்பது பலருக்குத் தெரியாது.

மினி பிறந்ததே பெற்றோல் தட்டுப்பாட்டில்தான். 1956இல் சூயஸ் கால்வாய் அடைபட்டபோது இங்கிலாந்தில் பெற்றோல் பங்கீட்டுக்கு வந்தது. பிரிட்டிஷ் மோட்டார் கோப்பரேசனின் தலைவர் லெனார்ட் லோர்ட், குறைந்த பெற்றோலில் ஓடும் சின்னக் கார் ஒன்றை வரைந்து தரும்படி அலெக் இசிகோனிசைக் கேட்டார். மொறிஸ் மைனரை வரைந்தவரும் அவர்தான். மூன்று மீற்றருக்குச் சற்றே கூடிய நீளம், 10 அங்குலச் சில்லு, குறுக்குவாட்டில் வைத்த எஞ்சின், அதன் அடியிலேயே கியர்பெட்டி, இரண்டுக்கும் ஒரே ஒயில், ஸ்பிறிங்குக்குப் பதிலாக அலெக்ஸ் மோல்ற்றன் வடிவமைத்த ரப்பர்க் கூம்பு. 1959இல் வெளிவந்த அந்தக் காரின் எஞ்சின் 848 கனசென்றிமீற்றர், வலு 34 குதிரைவலு, காரின் திணிவு ஏறத்தாழ 600 கிலோ.

இசிகோனிசின் மனத்தில் பந்தயம் இல்லை. நான்கு பேர் கொண்ட குடும்பமும் அவர்களின் சாமானும் சிக்கனமாகப் போய்ச் சேரவேண்டும் என்பதே அவருடைய எண்ணம். ஃபோர்முலா 1 கார் கட்டிய ஜோன் கூப்பர்தான் மினியின் வளைவெடுக்கும் திறமையைப் பார்த்து, இதில் பந்தயக் கார் ஒன்று ஒளிந்திருக்கிறது என்றார். 1961இல் வந்த மினி கூப்பருக்கு 997 கனசென்றிமீற்றர் எஞ்சின், இரட்டைக் காபரேற்றர், முன் சில்லுகளுக்கு டிஸ்க் பிரேக், 55 குதிரைவலு. 1964, 1965, 1967 ஆண்டுகளில் மொன்ரே கார்லோ ரலியை வென்றது இந்தக் குடும்பக் காரின் பிள்ளைதான். 1966இலும் முதலாவதாக வந்தது; முன்விளக்கு விதிப்படி இல்லை என்று தள்ளிவிட்டார்கள்.

நம் பக்கத்திலும் இதே கதை நடந்திருக்கிறது. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், இரண்டாம் உலகப்போர்க் கால விமான ஓடுபாதையில், ஃபியற்றும் ஹெரால்டும் அம்பாசடரும் பந்தயம் ஓடின. கோயம்புத்தூர் கரிவரதன் போன்றவர்கள் வீட்டுக் காரை உரித்துப் பந்தயக் காராக்கும் கலையை அங்கே வளர்த்தார்கள். களுத்துறைக்கு அருகே கட்டுக்குருந்தையிலும் பந்தயத் திடலாக மாறியது ஒரு போர்க்கால ஓடுபாதைதான். பறக்க முடியாமற்போன இடத்தில் கார்கள் ஓடின.

இனிச் செங்கலடி மினிக்கு வருவோம். எல்லோரும் முதலில் எஞ்சினைத்தான் திறப்பார்கள். நான் முதலில் காரைச் சரித்து அடியைப் பார்க்கச் சொல்வேன். வாவிக்கரையில் காருக்கு முதல் எதிரி காற்றில் இருக்கிறது. கடலலை உடையும்போது கிளம்பும் நுண்துளிகள் காற்றோடு வந்து தகட்டில் படிந்து, நீர் ஆவியாகி உப்பாகத் தங்கிவிடும். சாதாரண உப்புக்கு ஒரு குணம் உண்டு. காற்றின் சாரீரப்பதன் 75 சதவீதத்தைத் தாண்டினால் அது காற்றிலிருந்தே நீரை உறிஞ்சித் தானாகக் கரைந்துவிடும். மட்டக்களப்பில் இரவும் அதிகாலையும் இந்த எல்லையைத் தாண்டாத நாட்கள் குறைவு. அதனால் கார் மழையில் நனைய வேண்டியதே இல்லை. கொட்டிலுக்குள் நின்றாலும் ஒவ்வொரு இரவும் உப்புக் கரைசலில் குளித்து எழும்புகிறது. குளோரைட் அயன்கள் இரும்பின் மேலுள்ள ஒட்சைட்டுப் படலத்தை உடைக்கும். உப்புநீர் மின்னைக் கடத்துவதால் இரும்பு ஓரிடத்தில் கரையவும் ஒட்சிசன் இன்னோரிடத்தில் நீரோடு சேரவும் சுற்று பூரணமாகிவிடும். மடிப்புகளிலும் பொருத்துகளிலும் ஒட்சிசன் குறைந்த இடத்தில்தான் இரும்பு அதிகம் கரையும். துரு எப்போதும் கண்ணுக்குப் படாத மூலையிலேயே தொடங்குவது இதனால்தான்.

மினிக்கு இது உயிர்ப் பிரச்சினை. அதற்கு லொறிபோலத் தனிச் சட்டகம் கிடையாது. தகட்டு உடல்தான் எலும்பும். பின் சில்லுகளைத் தாங்கும் துணைச்சட்டகம் துருவேறி உளுத்துப்போவது மினி வைத்திருந்த எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. வீட்டுக் காரில் ரிங்கரிங்காரர் ஒரு தகட்டை ஒட்டிப் பூசி விட்டால் காலம் ஓடிவிடும். பந்தயக் காரில் அது நடவாது. வளைவில் உடல் முறுக்கும்போது ஒட்டு விரியும், சில்லின் கோணம் மாறும், கார் சொன்ன சொல் கேட்காது. ஆகவே பழுதான தகட்டை வெட்டியெறிந்து புதுத்தகடு வைத்து, தொழிற்சாலை புள்ளி புள்ளியாக ஒட்டிய பொருத்துகளை நீளத்துக்கு ஒட்டி, உள்ளே இரும்புக் குழாய்க் கூண்டு கட்டவேண்டும். கூண்டு கார் உருண்டால் சாரதியைக் காக்கும்; உருளாத நாளிலும் உடலை விறைப்பாக வைத்திருக்கும். ஆசனம், கம்பளம், கதவின் உள்ளட்டை, சத்தம் அடக்கும் தார்ப்பட்டை எல்லாம் கழற்றிக் குறைத்த திணிவில் ஒரு பங்கு இந்தக் கூண்டில் திரும்பி ஏறிவிடும். அதில் கஞ்சத்தனம் பார்ப்பவரோடு பேசிப் பயனில்லை.

இனி எஞ்சின். பெற்றோல்தான் காரை ஓட்டுகிறது என்று நினைக்கிறோம். நிறையால் பார்த்தால் எஞ்சின் தின்பதில் பெரும்பங்கு வளிதான். 1 கிராம் பெற்றோல் முழுதாக எரிய ஏறத்தாழ 14.7 கிராம் வளி வேண்டும். 848 கனசென்றிமீற்றர் எஞ்சின் நிமிடத்துக்கு 6,000 தடவை சுழலும்போது சுமார் 2,000 லீற்றர் வளியை உள்ளிழுக்கிறது. அதற்கு வேண்டிய பெற்றோல் 160 கிராம் அளவில்தான். பெற்றோலைக் கூடக் கொடுப்பது எளிது, காபரேற்றரில் ஒரு முடுக்கு. வளியைக் கூடக் கொடுப்பதுதான் கஷ்டம். எஞ்சினைப் பந்தயத்துக்கு மாற்றும் வேலை பெரும்பாலும் வளிக்கு வழிவிடும் வேலையாகவும், வந்த வளியை நன்றாக நெரிக்கும் வேலையாகவும் போய்விடுகிறது.

நெரிப்பதிலிருந்து தொடங்குவோம். நாலு சிலிண்டருக்கும் சேர்த்து 848 என்றால் ஒன்றுக்கு 212. பிஸ்ரன் உச்சிக்கு வரும்போது மேலே மிஞ்சும் இடம் ஏறத்தாழ 29 கனசென்றிமீற்றர். 212உம் 29உம் சேர்ந்த கலவை 29க்குள் நெரிபடுகிறது, ஏறத்தாழ 8.3 மடங்கு. இதுதான் அமுக்க விகிதம். சிலிண்டரை மேலிருந்து மூடும் ஹெட்டின் அடிமுகத்தைக் கடைந்து அந்த 29ஐ 22 ஆக்கினால் விகிதம் 10.5க்கு மேலே போய்விடும். கூட நெரித்தால் எரிந்த வாயு கூட விரியும். அதே பெற்றோலிலிருந்து கூட வேலை கிடைக்கும். வெப்ப இயக்கவியலின் இலட்சியக் கணக்கில் 8.3க்கு 57 சதவீதம் வினைத்திறன், 10.5க்கு 61 சதவீதம். உண்மையான எஞ்சின் இதில் பாதியளவே தரும் என்றாலும் ஏறும் திசை அதுதான்.

அப்படியானால் ஏன் இசிகோனிசின் ஆட்கள் 8.3 என்று நின்றார்கள்? வளியை நெரித்தால் அது சூடேறும். அதே இலட்சியக் கணக்கில், 30 பாகை வளியை 8.3 மடங்கு நெரித்தால் 430 பாகையைத் தாண்டும், 10.5 மடங்கு நெரித்தால் 500 பாகை. பிளக் பற்றவைத்த தீ பரவிவருவதற்கு முன்பே, மூலையில் கிடக்கும் கலவை தானாகப் பற்றி வெடித்துவிடும். கராஜில் ‘நொக்கிங்’ என்பார்கள். அந்தச் சத்தத்தைக் கேட்டபடியே ஓட்டினால் பிஸ்ரனின் தலையில் ஓட்டை விழும். பெற்றோலின் ஒக்ரேன் எண் சொல்வது இந்தத் தானாகப் பற்றுதலை எவ்வளவு தாங்கும் என்பதைத்தான். அன்றைய குடும்பக் கார் எந்த ஊரில் எந்தப் பெற்றோல் கிடைத்தாலும் ஓடவேண்டும். இன்று இலங்கையில் 92உம் 95உம் விற்கிறார்கள். பந்தயத்துக்குப் போகிறவர் 95 ஊற்றுவதாக வைத்து ஹெட்டைக் கடையலாம்.

இதற்கு நேரெதிர்த் திசையில் இதே பௌதிகத்தைப் படித்தவர்கள் நம்மிடையே உண்டு. 1990களின் பொருளாதாரத் தடைக்காலத்தில் யாழ்ப்பாணத்தில் பெற்றோல் இல்லை. மக்கள் காரையும் மோட்டார் சைக்கிளையும் மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். ஒஸ்ரின், மொறிஸ் போன்ற பழைய கார்கள்தான் அதற்கு வளைந்துகொடுத்தன. தொடக்கத்துக்குச் சில துளி பெற்றோல், எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய். பெற்றோல் 35 பாகையிலேயே ஆவியாகத் தொடங்கிவிடும். மண்ணெண்ணெய்க்கு 150 பாகையாவது வேண்டும். அதனால்தான் எஞ்சின் சூடாகும் வரை பொறுக்கவேண்டியிருந்தது. ஒக்ரேனோ மிகக் குறைவு. ஆகவே நெரிப்பைக் குறைக்கவேண்டும். மினியின் எஞ்சினில் விகிதத்தை 6க்கு இறக்குவதென்றால் 29ஐ 42 ஆக்கவேண்டும், 62.9 மில்லிமீற்றர் விட்டமுள்ள துளையின் மேல் 4 மில்லிமீற்றருக்கு மேற்பட்ட தடிப்பைக் கூட்டுவதற்குச் சமம். ஹெட்டைக் கடைவதற்குப் பதில் ஹெட்டைத் தூக்குவது. இலட்சிய வினைத்திறன் 51 சதவீதத்துக்கு இறங்கிவிடும். புகை வரும், வலு போகும், ஆனால் கார் ஓடும். ஃபேர்குசன் உழவு இயந்திரத்தில் தொழிற்சாலையே இதைச் செய்திருந்தது: மண்ணெண்ணெய் வகை எரிபொருளுக்கென்று அமுக்க விகிதம் குறைத்த மாதிரி ஒன்று தனியே இருந்தது, பெற்றோலில் தொடக்கி, சூடானதும் மாற்றிக்கொள்வார்கள். தடைக்கால மெக்கானிக்குகளைப் பற்றிப் பேசும்போது ‘சமாளித்தார்கள்’ என்று ஒரு சொல்லில் கடந்துபோவது எனக்கு உடன்பாடில்லை. பந்தய மெக்கானிக் கையாளும் அதே மாறிகளை அவர்கள் மறுபக்கமாகத் திருப்பினார்கள், அதுவும் உதிரிப்பாகம் இல்லாமல்.

இப்போது வீதி ஏறட்டும். நுவரெலியாவின் உயரத்தில் வளிமண்டல அமுக்கம் கடல் மட்டத்தில் உள்ளதில் ஏறத்தாழ 80 சதவீதம். குளிர் கொஞ்சம் கைகொடுக்கும். மட்டக்களப்பு 30 பாகையில் இருக்கும்போது அங்கே 16 என்றால், குளிர்ந்த வளி அடர்த்தி கூடியது என்பதால், அடர்த்தி 84 சதவீத அளவில் நிற்கும். அதோடு வாவிக்கரை வளியில் நீராவி அதிகம். ஒவ்வொரு 100 மூலக்கூறிலும் மூன்றுக்கு மேல் நீராவியாக இருந்து ஒட்சிசனின் இடத்தைப் பிடித்திருக்கும். எல்லாம் கழித்துப் பார்த்தால், செங்கலடியில் ஒரு மூச்சில் கிடைத்த ஒட்சிசனில் 15 சதவீதம் போல் நுவரெலியாவில் கிடைக்காது. வலுவும் அந்த அளவில் விழும். 60 குதிரைவலுக் காட்டிய எஞ்சின் மேலே 51தான் காட்டும்.

காபரேற்றர் இதில் ஒரு குழப்பத்தையும் சேர்க்கிறது. மினியின் எஸ்.யூ. காபரேற்றரில் வளி போகும் வேகத்துக்கேற்ப ஒரு பிஸ்ரன் எழும்பி, கூம்பிய ஊசி ஒன்றைத் துளையிலிருந்து தூக்கும். துளையின் வழியே பெற்றோல் வரும். அதற்கு வளியின் அடர்த்தி தெரியாது. வளி மெலிந்தாலும் பெற்றோல் அதே விகிதத்தில் குறையாது. அடர்த்தி 16 சதவீதம் குறைந்தால் கலவையில் பெற்றோலின் பங்கு 9 சதவீதமளவு கூடிவிடும். செங்கலடியில் 13க்கு 1 என்று இதமாக ஓடிய எஞ்சின், மேலே 12க்கு 1 ஆகிக் கறுப்புப் புகை தள்ளும். காபரேற்றரின் அடியிலுள்ள நட்டைத் திருகித் துளையை மேலே தூக்கினால் கலவை மெலியும். பந்தய நாள் காலையில் பிளக்கைக் கழற்றி அதன் நிறம் பார்ப்பவர்கள் இதைத்தான் தேடுகிறார்கள்: கரிக் கறுப்பா, மண்ணிறமா, வெளுப்பா.

இன்னொரு விளைவை முதலில் பலர் எதிர்பார்ப்பதில்லை. மெலிந்த, குளிர்ந்த வளியை நெரித்தால் அமுக்கமும் வெப்பமும் குறைவாகவே ஏறும். ஆகவே மலையில் நொக்கிங் குறைவு. அமுக்க விகிதத்தை 11, 12 என்று தூக்கினாலும் அங்கே தாங்கலாம். இழந்த வலுவில் கொஞ்சத்தை இப்படி மீட்கலாம். ஆனால் மகாகஸ்தோட்டைக்கென்றே கடைந்த அந்த எஞ்சினை வாவிக்கரைக்குக் கொண்டுவந்து மத்தியான வெயிலில் கல்லடிப் பாலத்தில் முடுக்கினால் அது வெடிவெடிக்கும். ஒரு வீதியின் இரண்டு முனைகளுக்கும் ஒரே எஞ்சின் பொருந்தாது.

வளிக்கு வழிவிடும் வேலையில் மினியின் எஞ்சின் பிடிவாதம் பிடிக்கும். நாலு சிலிண்டருக்கு இரண்டே உள்வாய்கள். 1உம் 2உம் ஒன்றைப் பகிர்ந்துகொள்ளும், 3உம் 4உம் மற்றதை. எரியும் ஒழுங்கு 1, 3, 4, 2. அதனால் ஒரே வாயைப் பகிரும் இரண்டு சிலிண்டர்களும் அடுத்தடுத்து மூச்செடுக்கும். ஒன்று முடிக்குமுன் மற்றது இழுக்கத் தொடங்கும், ஒருவர் பங்கை மற்றவர் பறிப்பார். எரியறையின் வடிவத்தை எஞ்சின் வல்லுநர் ஹரி வெஸ்லேக் நன்றாக அமைத்துக்கொடுத்ததால்தான் இந்த எஞ்சின் வகை 1951இலிருந்து 2000 வரை தாக்குப்பிடித்தது. வாய்களை அரத்தால் அராவி வழவழப்பாக்குவது பழக்கமான வேலை. ஆனால் பெரிதாக்கினால் மட்டும் போதாது. வாய் அகன்றால் வளியின் வேகம் குறையும், குறைந்த சுழற்சியில் எஞ்சின் மூச்சுவிட முடியாமல் திணறும்.

வால்வுகளைத் திறந்து மூடும் காம் தண்டின் கதை நேரத்தின் கதை. வீட்டுக் காரின் உள்வால்வு ஏறத்தாழ 230 பாகைக்குத் திறந்திருக்கும். நிமிடத்துக்கு 1,000 சுழற்சியில் அது 38 மில்லிசெக்கன். 6,000இல் 6 மில்லிசெக்கன் சொச்சம். பந்தயக் காம் 300 பாகைவரை திறந்து வைக்கும். பிஸ்ரன் திரும்பி மேலே வரத் தொடங்கிய பிறகும், ஓடிவந்த வேகத்தில் வளி உள்ளே நுழைந்துகொண்டே இருக்கும் என்பது அதன் நம்பிக்கை. வேகம் இல்லாதபோது அந்த நம்பிக்கை பொய்க்கும். வந்த கலவை வந்த வழியே வெளியேறும். பந்தயக் கார் நிற்கும்போது குலுங்கிக் குலுங்கி இருமுவது பழுதால் அல்ல.

சுழற்சி கூடும்போது விசைகள் வர்க்கத்தில் ஏறும். 5,500 சுழற்சியில் மினியின் பிஸ்ரன் உச்சியில் திரும்பும்போது அதன் ஆர்முடுகல் புவியீர்ப்பைப் போல் 1,400 மடங்கு. 8,000க்குப் போனால் 3,000 மடங்கு. 300 கிராம் பிஸ்ரன் ஒன்று அந்தக் கணத்தில் 900 கிலோ பாரம்போலத் தன் தண்டை இழுக்கும். முழுக் காரின் திணிவே 600 கிலோதான். இது செக்கனுக்கு 133 தடவை, நாலு சிலிண்டரிலும். தண்டுகளைக் கிராம் பிசகாமல் நிறுத்து, விரிசல் இருக்கிறதா என்று சோதித்து, புது ஆணி போட்டுப் பூட்டுவது இதற்காகத்தான்.

சில்லுகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். மினியின் இரு சில்லுகளுக்கு இடைப்பட்ட அகலம் 1.2 மீற்றர், ஈர்ப்பு மையம் அரை மீற்றர் உயரத்தில் என்று எடுத்துக்கொண்டால், 0.8 மடங்கு புவியீர்ப்பு விசையில் வளைவெடுக்கும்போது காரின் பாரத்தில் மூன்றில் ஒரு பங்கு உட்பக்கச் சில்லுகளிலிருந்து வெளிப்பக்கத்துக்குத் தாவிவிடும். ரயருக்கு இரட்டிப்புப் பாரம் கொடுத்தால் இரட்டிப்புப் பிடி கிடைக்காது. அதனால் ஒவ்வொரு தாவலும் மொத்தப் பிடியில் நட்டம். காரை 5 சென்றிமீற்றர் தாழ்த்தினால் மூன்றில் ஒன்று பத்தில் மூன்றாகும். ஏற்றத்தில் மினிக்கு இன்னொரு தலையிடி: அது முன்சில்லால் இழுபடும் கார். சமதரையில் பாரத்தில் 62 சதவீதமளவு முன்னே இருக்கும். நூற்றுக்குப் பத்து ஏற்றத்தில் வேகம் எடுத்துப் பாய்ந்தால் அதில் 10 சதவீதம் பின்னால் போய்விடும். இழுக்கவேண்டிய சில்லு இலேசாகிச் சறுக்கும். தட்டையான கட்டுக்குருந்தையில் தெரியாத குறை மகாகஸ்தோட்டையில் தெரியும்.

நிறுத்துவதைப் பற்றி எழுதாமல் பந்தயக் காரைப் பற்றி எழுதுவது சரியல்ல. சாரதியோடு 675 கிலோ உள்ள மினி மணிக்கு 60 கிலோமீற்றரில் போகும்போது அதன் இயக்கச் சக்தி 94 கிலோயூல். 120இல் 375, வேகம் இரண்டு மடங்கு, சக்தி நாலு மடங்கு. ஒரு தடவை பிரேக் பிடித்து நிறுத்தினால் அந்த 375 கிலோயூலும் வெப்பமாகும். ஒன்றேகால் லீற்றர் தண்ணீரை வாவியின் வெப்பநிலையிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுபோகும் வெப்பம் அது. முதல் மினிகளின் சின்ன டிரம் பிரேக்கால் இதை அடுத்தடுத்துத் தாங்க முடியாது. டிஸ்க் போடுவார்கள். ஆனால் டிஸ்க்கை மட்டும் மாற்றிவிட்டு பிரேக் ஒயிலை மறப்பவர்கள் இருக்கிறார்கள். அந்தத் திரவம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டொட் 3 வகைக்குப் புதிதில் கொதிநிலை குறைந்தது 205 பாகை, 3.7 சதவீதம் நீர் சேர்ந்தால் 140க்கு விழலாம். கொதித்தால் குழாயில் ஆவிக்குமிழ் நிற்கும். ஆவி நெரிபடும், திரவம்போல விசையைக் கடத்தாது. மிதித்த பெடல் தரையில் போய் ஒட்டிக்கொள்ளும். வாவிக்கரையில் ஒரு மாரி கண்ட பிரேக் ஒயிலோடு மலைக்குப் போகக்கூடாது.

அந்த நாலு மடங்கு சக்தி வெளியே நிற்பவர்களுக்கும் பொருந்தும். 2024 ஏப்ரல் 21ஆம் திகதி தியத்தலாவை ஃபொக்ஸ் ஹில் பந்தயத்தில் ஒரு கார் தடம் விலகிப் பார்வையாளர் பக்கம் பாய்ந்தது. 7 பேர் இறந்தார்கள், அதில் ஒரு சிறுமியும் அடக்கம். கூண்டும் தோள்பட்டியும் தலைக்கவசமும் காருக்குள் இருப்பவருக்கானவை. கயிறு கட்டிய ஓரத்தில் நிற்பவருக்குத் தூரமும் மண்மேடும் மட்டுமே. மாற்றிய காரை ஊர் வீதியில் சோதித்துப் பார்க்கும் பழக்கத்தை நான் கடுமையாகவே எதிர்க்கிறேன். அங்கே அந்த மண்மேடுகூட இல்லை.

பழைய காரை இப்படி மாற்றுவது அநியாயம் என்று சொல்பவர்கள் உண்டு. 60 வருடம் தப்பிப்பிழைத்த காரை அறுக்கலாமா என்பார்கள். என் கணக்கு வேறு. மாற்றங்களில் திரும்பக்கூடியவை பல. காபரேற்றர், காம் தண்டு, டிஸ்க், ஆசனம் எல்லாம் திரும்பப் பூட்டலாம். கூண்டைக்கூடத் தகட்டில் ஒட்டாமல் ஆணியால் இறுக்கினால் கழற்றலாம். எஞ்சினில் திரும்ப முடியாதவை இரண்டு: துளைபெருப்பித்த சிலிண்டரும், கடைந்த ஹெட்டும். கடைந்த இரும்பு திரும்ப வளராது. ஆகவே பந்தயத்துக்கென்று வேறொரு எஞ்சினைத் தேடிக்கொள்வது நல்லது. இதே வகை எஞ்சின் மொறிஸ் மைனரிலும் வேறு ஒஸ்ரின்களிலும் வந்திருப்பதால் பழைய இரும்புக் கடைகளில் எஞ்சினோ ஹெட்டோ கிடைக்க வாய்ப்புண்டு. காரோடு வந்த ஹெட்டைக் கழுவி, உப்புக்காற்றுப் படாமல் எல்லாப் பக்கமும் கிறீஸ் பூசி, பொலித்தீனில் சுற்றி, வால்வுகளைச் சிலிண்டர் வாரியாக இலக்கமிட்டுத் தனியே கட்டி, வீட்டுக்குள் உயரத்தில் வைத்துவிட்டுக் கடைச்சல் பட்டறைக்குப் போங்கள்.